கிராணி நகம்

நகம் வளர்ப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பெண்களைச் சொல்லவில்லை. இப்போது மலாக்காவில் பண்டார் ஹிலிர் பக்கம் பேரங்காடிக்குள் நுழைந்தால் சின்னப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள், எதிரே இன்னொருத்தி குனிந்து அராவிக்கொண்டிருக்கிறாள். செய்துகொள்ளட்டும். அவர்கள் சம்பாத்தியம், அவர்கள் விரல். நான் சொல்வது ஆம்பிளைகளை. இடது கைச் சுண்டுவிரலில் மட்டும் ஒரு அங்குலத்துக்கு நகத்தை விட்டுவிட்டு, தேத்தண்ணீர்க் குவளையைப் பிடிக்கும்போது அந்த விரலை மட்டும் தனியாகத் தூக்கிக் காட்டுவார்களே, அவர்களை. அப்படி ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, அந்த நகத்துக்கும் சேர்த்துச் சமைத்துப் போட்டவள் நான். எனக்குப் பேச உரிமை இருக்கிறது.

என் வீட்டுக்காரர் கிராணி. ஆபீசில் பேனா பிடிக்கிறவரை மலாயாவில் அப்படித்தான் சொல்வோம். அவருடைய அப்பா எஸ்டேட்டில் ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டியவர். மகன் இங்கிலீஷ் படித்து, மலாக்கா டவுனில் ஒரு ரப்பர் கம்பெனியில் மேசை நாற்காலியோடு உட்கார்ந்தார். உட்கார்ந்த அன்றைக்கே சுண்டுவிரல் நகத்தை வெட்டுவதை நிறுத்திவிட்டாராம். மண்வெட்டி பிடிக்கிற கையில் அந்த நகம் நிற்காது, ரெண்டு நாளில் முறிந்துவிடும். ஆகவே அது நீண்டிருந்தால், இந்தக் கை மண்ணைத் தொட்டதில்லை என்று எதிரே வருகிறவனுக்குத் தெரிந்துவிடும். அந்தக் காலத்துக் கிராணிமார் பாதிப் பேருக்கு இந்தப் பைத்தியம் இருந்தது. படித்த சான்றிதழைக் கழுத்தில் கட்டிக்கொண்டு அலைய முடியாதல்லவா, அதற்குப் பதில் இது.

பெண் பார்க்க வந்த அன்று என் அம்மா அந்த நகத்தைப் பார்த்துத்தான் உருகிப்போனார். "மாப்பிள்ளை கையைப் பாரு, ஒரு வேலை செஞ்ச கை மாதிரியா இருக்கு?" என்று உள்ளே வந்து சொன்னார். அது புகழ்ச்சி என்று நினைத்துச் சொன்னார். நானும் கதவிடுக்கில் பார்த்து மயங்கினேன், ஏன் பொய் சொல்ல வேண்டும். பதினெட்டு வயதில் வேறென்ன புத்தி இருக்கும்.

அந்த நகத்துக்கு நடந்த பூசையைக் கேளுங்கள். காலையில் வெதுவெதுப்பான நீரில் ஊறல். பிறகு எலுமிச்சம் தோலால் மேலும் அடியும் தேய்ப்பு, மஞ்சள் ஏறிவிடக் கூடாதாம். ஈர்க்குச்சியைக் கூராகச் சீவி அடியில் அழுக்கெடுப்பு. நகத்தின் வேரோரம் ஏறி வரும் தோலை ஈரத்துணியால் மெல்லப் பின்னுக்குத் தள்ளுவார். அதை வெட்டினால் சீழ் வைக்கும் என்பார். வாரம் ஒரு நாள் மெல்லிய அரத்தால் ஒரே பக்கமாக ராவுவார். முன்னும் பின்னும் ராவினால் நகம் ஏடு ஏடாகப் பிரியும் என்று எனக்கும் பாடம் எடுத்தார். கடைசியில் தேங்காயெண்ணெய். ஒரு தகர மூடியில் ஊற்றி, விரலை அதில் வைத்தபடியே பத்திரிகை படிப்பார். நடுவில் நான் எதையாவது கேட்டால், "இரு இரு, கை ஆடுது" என்பார். பாடமெல்லாம் சரியான பாடம்தான், நகமும் பளபளவென்றுதான் இருந்தது. அந்தக் கவனத்தில் கால்வாசி என்மேல் இருந்திருந்தால் நான் இன்றைக்கு வேறு மாதிரிப் பேசுவேன்.

ஜப்பான்காரன் வந்தான். துரைமார் ஓடினார்கள், ஆபீசைப் பூட்டியாகிவிட்டது. அரிசி முதலில் குறைந்தது, அப்புறம் நாற்றமெடுத்தது, அப்புறம் கண்ணிலேயே படவில்லை. காஜா பெராங்கில் எங்கள் பலகை வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு மண் இருந்தது. ஊரே மரவள்ளிக் குச்சி நடுகிறது, நாமும் நடுவோம் என்றேன். அவர் விரலைப் பார்த்துக்கொண்டார்.

"மண்வெட்டி பிடிச்சா இது போயிடும்."

"போனா போகட்டுமே. ஆபீசே போயிடுச்சு."

"ஆபீஸ் திரும்ப வரும். வந்தா கையைப் பார்த்துத்தான் கூப்பிடுவாங்க."

அதாவது, வெள்ளைக்காரன் கப்பலை விட்டு இறங்கியதும் நேரே காஜா பெராங்குக்கு வந்து இவருடைய சுண்டுவிரல் சுகமாக இருக்கிறதா என்று விசாரிக்கப்போகிறான்! சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தேன். அன்றிலிருந்து அந்த மண் என் பாடு.

என் நகங்களுக்கு யாரும் எண்ணெய் வைக்கவில்லை. ஆறே மாதத்தில் கறுத்து, நெடுக வரி விழுந்து, நடுவில் குழிந்து, தொட்டால் பிளக்கும்படி ஆகிவிட்டன. சேலை நூலில் மாட்டி மாட்டி ரெண்டு நகம் பாதி வரை கிழிந்தது. அவர் என் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உனக்குப் பராமரிப்பு போதாது" என்றார். மூன்று வேளையும் கிழங்கு தின்கிற உடம்பில் நகம் எங்கிருந்து நல்லா முளைக்கும்? ரத்தமில்லாமல் குழிந்ததற்கு மேல்பூச்சு எதற்கு? கேட்டேன். "உனக்குச் சொன்னாப் புரியாது" என்றார். எனக்குப் புரியாதாம்!

பக்கத்து வீட்டில் ஒரு சிட்டித் தம்பதி. மலாக்காச் சிட்டிகள் நம்மைப் போலவே கோயிலுக்குப் போவார்கள், விபூதி பூசுவார்கள், வீட்டில் பேசுவது மட்டும் மலாய். அவள் என்னைவிட நாலைந்து வயது சின்னவள். சாரோங்கும் கெபாயாச் சட்டையுமாக இருப்பாள். தமிழில் பத்துச் சொல் தெரியும், அதில் முதல் சொல் அக்கா. கெபாயாவுக்குப் பூத்தையல் போடுவதில் கெட்டிக்காரி. நூல் வெட்ட உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சின்னக் கத்தரிக்கோல் வைத்திருந்தாள், அதை யாருக்கும் இரவல் தரமாட்டாள். அவள் புருஷன் மாட்டு வண்டி ஓட்டினான். அதிகம் பேசாத மனுஷன். நான் தனியாகக் கொத்துவதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே வேலியைத் தாண்டி வந்து பாதிப் பாத்தியைக் கொத்திக் கொடுத்துவிட்டுப் போனான். என் வீட்டுக்காரர் பின்வாசலில் நின்று அதை மேற்பார்வை பார்த்தார்.

அடுத்த வருஷம் சயாம் ரயில் பேச்சு வந்தது. சயாம் காட்டுக்குள் ஜப்பான்காரன் தண்டவாளம் போடுகிறான், அதற்கு ஆள் பிடிக்கிறான் என்றார்கள். போனவன் ஒருவனும் திரும்பவில்லை, கடுதாசியும் இல்லை. எஸ்டேட்டுகளில் கூலிகள் குடியிருக்கிற லயம் லயமாக அள்ளினார்கள். பிறகு டவுனுக்கும் வந்தார்கள். ஒரு நாள் காலையில், அரிசிக்குப் பெயர் பதிகிறோம், ஆம்பிளைகள் எல்லாரும் திடலுக்கு வாருங்கள் என்று ஆள் அனுப்பினார்கள். அரிசி என்ற சொல்லைக் கேட்டால் அப்போது நாங்கள் கிணற்றுக்குள்ளும் குதித்திருப்போம். இவர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார். பக்கத்து வீட்டு வண்டிக்காரன் நல்ல காலம், விறகு ஏற்ற உஜோங் பாசிர் போயிருந்தான்.

மத்தியானம் இவர் மட்டும் திரும்பி வந்தார். எங்கள் தெருக்கோடியிலிருந்து போன ஆறு பேர் வரவில்லை. திடலில் ஒரு சிப்பாயும், கையில் வெள்ளைப் பட்டை கட்டிய தரகன் ஒருவனும் நின்றிருக்கிறார்கள். தரகன் நம் ஆள்தான், தமிழன்தான், வெட்கக்கேடு. எல்லாரையும் கையை நீட்டச் சொல்லியிருக்கிறார்கள். காய்ப்பு ஏறிய கை லாரிக்கு. இவர் முறை வந்தபோது தரகன் நகத்தைப் பார்த்துச் சிரித்து, "கிராணியா? நீ எதுக்கய்யா லாயக்கு, போ" என்றானாம். அதைத்தான் நான் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன், எனக்கு யாரும் வெள்ளைப் பட்டை கட்டவில்லை.

கேலி இருக்கட்டும். அவர் வாசலில் வந்து நின்றதும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எனக்கு அந்த மனுஷனை விட்டால் வேறு யாரும் இல்லை, பிள்ளைகூட அப்போது இல்லை. அவரைச் சயாமுக்குக் கொண்டுபோகக் கூடாது, அவ்வளவுதான் என் வேண்டுதல், அதற்காக அவர் பத்து விரலிலும் நகம் வளர்த்தாலும் சரி என்று நினைத்தேன். அந்த நினைப்பு பத்து நாள் இருந்தது.

பதினோராம் நாள் அவர் பள்ளிக்கூடம் திறந்தார். சிரிக்காதீர்கள், பள்ளிக்கூடமேதான். கிராணி கை இருந்தால் தப்பிக்கலாம் என்ற செய்தி காஜா பெராங் முழுக்கப் பரவி, ஐந்து பேர் எங்கள் வீட்டுப் பலாமரத்தடியில் வந்து உட்கார்ந்தார்கள். அதில் ஒருவன் பக்கத்து வீட்டு வண்டிக்காரன். ஐவரும் தற்குறிகள், கைநாட்டு வைக்கிறவர்கள். நகம் மாட்டுக் குளம்பு மாதிரி தடித்திருக்கும். இவர் நடுவில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்து வகுப்பெடுத்தார். வெந்நீரில் ஊறவைக்கணும். தேங்காய் நாரால் தேய்க்கணும். ஈர்க்குச்சி. எலுமிச்சை. ஒரே பக்கமா ராவணும், ஒரே பக்கமா! தூங்கும்போது சுண்டுவிரலில் துணி சுற்றிக்கொள்ளணும். முக்கியமாக, ஆறு மாதத்துக்கு மண்வெட்டி, கோடரி, கயிறு எதையும் தொடக் கூடாது.

தொடக் கூடாதென்றால் அந்த வேலையெல்லாம் யார் செய்வது? பெண்டாட்டிமார். தெருவில் ஐந்து வீட்டிலும் பொம்பிளைகள் விறகு பிளந்தார்கள், கிழங்கு தோண்டினார்கள். ஆம்பிளைகள் மரத்தடியில் விரலை ஊறப்போட்டுக்கொண்டு உலகப் போரைப் பற்றிப் பேசினார்கள். பக்கத்து வீட்டுப் பெண் சாரோங்கை வரிந்து கட்டிக்கொண்டு மாட்டுக் கயிற்றைப் பிடித்து வண்டி ஓட்டினாள். பூத்தையல் போட்ட கை! உள்ளங்கை உரிந்து சதை தெரிந்தது. அவள் புருஷனுக்கு மனசு கேட்கவில்லை, ரெண்டு தடவை கயிற்றை வாங்கப் போனான். "நகம், நகம்" என்று இவர் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து அதட்டினார். அவனும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். பாவம், தன் நகத்தில் வெள்ளையாகப் பிறை தெரிய ஆரம்பித்ததும் அதை மாட்டுக்குக்கூடக் காட்டினான்.

மாதங்கள் ஓடின. ஐந்து சுண்டுவிரலிலும் நகம் அரை அங்குலம் தாண்டியது. அந்தச் சமயத்தில் என் வலது கைக் கட்டைவிரலில் மரவள்ளிச் சிராய் ஏறி நகச்சுத்தி வந்தது. வந்தவர்களுக்குத் தெரியும் அந்த வலி. விரல் வீங்கி, நகத்தடியில் சீழ் கட்டி, விண் விண்ணென்று தலை வரைக்கும் தெறிக்கும். எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு விரலைச் செருகிக்கொண்டால் பழுத்து உடையும். எங்கள் தோட்டத்தில் இருந்தது கோலிக்குண்டு அளவு லிமாவ் கஸ்தூரி எலுமிச்சை, அதில் எங்கே விரல் நுழையும்? பக்கத்து வீட்டுப் பெண்தான் எங்கேயோ அலைந்து ஒரு பெரிய எலுமிச்சை கொண்டு வந்து, அவளே துளை போட்டு என் விரலில் மாட்டிவிட்டாள். அதோடு மஞ்சள் குழைத்த சூடான எண்ணெயும் விட வேண்டும் என்று சைகையில் சொன்னாள். எண்ணெய் என்னிடம் இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் கிளேபாங் வரை நடந்துபோய், என் கூறைப்புடவையைக் கொடுத்து ஆறு தேங்காய் வாங்கி வந்து, பால் எடுத்துக் காய்ச்சி ஒரு குப்பி எண்ணெய் இறக்கியிருந்தேன். விளக்குக்கும் அது, சமையலுக்கும் அது.

இவரைக் கூப்பிட்டேன். "கை முடியலை. இன்னைக்கு ஒரு நாள் நீங்க ரெண்டு கிழங்கு பிடுங்கிக் கொடுங்க."

"நகத்தைச் சரியா வெட்டாம விட்டா இப்படித்தான். ஓரத்தை வளைச்சு வெட்டக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்றார். சொல்லிவிட்டுப் பலாமரத்தடிக்குப் போய்விட்டார்.

இடது கையால் கிழங்கைப் பிடுங்கி, இடது கையால் கழுவி, அடுப்பை மூட்டிவிட்டு எண்ணெய்க் குப்பியை எடுத்தேன். காலி. அடியில் ஒரு சொட்டு. பின்வாசலில் எட்டிப் பார்த்தால் தகர மூடிகள் ஆறு வரிசையாகக் கிடந்தன, ஆறிலும் எண்ணெய்ப் பிசுக்கு. என் கூறைப்புடவையை ஆறு சுண்டுவிரல் குடித்திருக்கிறது! மாணவர்கள் கலைந்து போயிருந்தார்கள். வாத்தியார் சாய்வு நாற்காலியில் வாயைப் பிளந்து மத்தியானத் தூக்கம். இடது கை நாற்காலிக் கைப்பிடிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது, நகம் வெயிலில் மினுமினுத்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. பாக்குவெட்டியை எடுத்தேன். இடது கையால்தான். ஒரே அழுத்து, டக். சத்தத்துக்குத்தான் அவர் முழித்தார், வலியில்லை. நகம் தரையில் விழுந்தது. ஒரு கோழி ஓடிவந்து கொத்திப் பார்த்துவிட்டு வேண்டாமென்று போனது.

அவர் விரலைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வளர்ந்த ஆம்பிளை கேவிக் கேவி அழுதார். "என்னைக் கொன்னுட்டியேடி. நாளைக்கு ஆள் பிடிக்க வந்தா நான் எதைக் காட்டுவேன்?" என்றார். அதுவரை எனக்குச் சிரிப்புதான் இருந்தது. இந்த வார்த்தையைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. ஆமாம், எதைக் காட்டுவார்? ஒரு கரண்டி எண்ணெய்க் கோபத்தில் என் தாலியை நானே அறுத்துவிட்டேனா என்று நினைத்தேன். பாக்குவெட்டி கையிலிருந்து நழுவியது.

அப்போதுதான் வேலி இடுக்கு வழியாகப் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். சத்தத்தைக் கேட்டு நடந்ததை எட்டிப் பார்த்திருக்கிறாள். முகமெல்லாம் சிரிப்பு. உரிந்த உள்ளங்கையில் அந்தச் சின்னக் கத்தரிக்கோல். தன் வீட்டுப் பக்கம் தலையை அசைத்து, "அக்கா, போலே பொத்தோங்?" என்றாள். நானும் வெட்டலாமா என்று கேட்கிறாள். அவளுக்கும் மாட்டைப் பிடித்துப் பிடித்துச் சலித்துவிட்டது. நான் ஒரு தலையசைத்திருந்தால் அந்த நிமிஷமே போய் வெட்டியிருப்பாள்.

"வேண்டாம்" என்றேன். "ஜாங்கான். நான் பண்ணின பைத்தியக்காரத்தனத்தை நீயும் பண்ணாதே. உன் புருஷனாவது பிழைக்கட்டும்." கத்தரிக்கோலோடு சேர்த்து அவள் விரல்களை மடக்கி மூடிவிட்டேன். அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது, ஆனால் நான் பெரியவள், சொன்னால் கேட்பாள். திரும்பிப் போய்விட்டாள்.

நாலே நாள். ஐந்தாம் நாள் காலையில் மறுபடி திடலுக்குக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை அரிசி கிரிசி என்று கதையெல்லாம் இல்லை, துப்பாக்கியோடு வந்து வீடு வீடாகத் தட்டினார்கள். இவர் வெட்டுப்பட்ட நகத்துண்டைப் பத்திரமாகக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தார். பலாமரத்தில் கீறி, பால் எடுத்து, அதைச் சுண்டுவிரலில் ஒட்டினோம். நான்தான் ஒட்டினேன், எலுமிச்சம்பழம் மாட்டிய கையோடு. "ஆட்டாதீங்க, ஆட்டாதீங்க" என்று ஊதி ஊதிக் காயவைத்தேன். அவர் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். வண்டிக்காரன் பக்கத்திலேயே நடந்தான், அவன் நகத்துக்கு ஒட்டு தேவையில்லை. போகும்போது இவரைப் பார்த்துத் தன் சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். தைரியம் சொல்கிறானாம்.

திடலில் நடந்ததை இவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு அவர்களுக்குக் கூலி ஆள் தேவையில்லை. அதற்கு ஒரு எஸ்டேட்டையே வளைத்துவிட்டார்களாம். சயாமில் அந்தக் கூலிகளின் பெயரெழுத, எண்ணிக்கை எழுத ஆள் வேண்டும். "கிராணிமார் யாரு? முன்னால வா" என்று அதே தரகன் கத்தியிருக்கிறான். ஒருவனும் அசையவில்லை. அந்த ரெண்டு வருஷத்தில் நாங்கள் கற்றுக்கொண்ட ஒரே பாடம், கூப்பிட்டால் முன்னால் போகக் கூடாது என்பது. தரகன் சிரித்துவிட்டு, வரிசையாக ஒவ்வொருவன் இடது கையையும் தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறான்.

வெள்ளை வெளேரென்று ஐந்து நகம். ஐந்தும் இவர் வளர்த்தவை.

வண்டிக்காரனை இழுத்தபோது அவன் மலாயில் கதறியிருக்கிறான். துவான், நான் வண்டி ஓட்டுகிறவன், எனக்கு எழுதத் தெரியாது, என் மாட்டைக் கேட்டுப் பாருங்கள் என்று. "இங்க உள்ள கிராணி எல்லாம் அப்படித்தான் சொல்றான்" என்றானாம் தரகன். வாழ்நாளில் பேனாவைத் தொடாத ஐந்து பேர் கிராணிகளாக லாரியில் ஏறினார்கள். இவருக்குக் கை நடுங்கிய நடுக்கத்தில், முறை வருவதற்கு ரெண்டு ஆள் முன்பே ஒட்டு விட்டு நகம் புல்லில் விழுந்துவிட்டது. விரல் நுனியில் பலாப்பால் கறுப்பாகக் காய்ந்து கிடந்தது. தரகன் அதைப் பார்த்து, தூ என்று கையை உதறிவிட்டு அடுத்தவனிடம் போய்விட்டான். முதல் தடவை இவர் முகத்தை அவன் பார்க்கவேயில்லை போலிருக்கிறது, நகத்தைத்தான் பார்த்திருக்கிறான்.

அந்தத் திடலில் நின்றதில் நிஜமான கிராணி இவர் ஒருவர்தான். இவர் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. திறந்திருந்தால் நான் மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். ஆனாலும் திறக்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் தெருவில் பேசினார்கள் பாருங்கள் ஒரு பேச்சு. "கெட்டிக்காரிடி. முன்கூட்டியே மோப்பம் பிடிச்சு புருஷன் நகத்தை வெட்டிட்டா." கோயிலில், கிணற்றடியில், கிழங்கு வரிசையில், எங்கே பார்த்தாலும் என் கெட்டிக்காரத்தனம்தான். மோப்பமாவது மண்ணாங்கட்டியாவது! எண்ணெய் தீர்ந்ததற்கு வெட்டினேன். ஆனால் அப்படி யாரிடமும் சொல்லவில்லை. கேட்கச் சுகமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு சும்மா நின்றேன். ஒரு தடவை அந்தப் பெண் பக்கத்திலேயே தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். தமிழ் பத்துச் சொல்தான் தெரியும் என்றேனே, இது புரியாமல் போகிற அளவுக்கு அவள் ஒன்றும் மடச்சி இல்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. என் நகச்சுத்தி உடைந்து ஆறும் வரை எலுமிச்சை கொண்டு வந்து வேலி மேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஜப்பான்காரன் போனான். ஐந்து பேரில் ரெண்டு பேர் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார்கள். போன மறுநாளே எழுதத் தெரியாது என்று கண்டுபிடித்து, உதைத்து, கையில் கடப்பாரையைக் கொடுத்துவிட்டார்களாம். வண்டிக்காரன் முதல் மழையைத் தாண்டவில்லை என்றார்கள். அவள் மாட்டை விற்றுவிட்டு மறுபடி பூத்தையல் போட ஆரம்பித்தாள்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்தான், ஆபீசைத் திறந்தான். யாரும் இவர் சுண்டுவிரலைக் கேட்கவில்லை, வேலையைக் கொடுத்தார்கள். எங்களுக்கு ஒரு பெண் பிறந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் நடித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் பார்க்கிறேன், இவருடைய இடது கையில் ஒரு நகம் மட்டும் மற்றதைவிட நெல்மணி அளவு நீண்டிருக்கிறது. எனக்குச் சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கும். அடுத்த மாதம் தகர மூடி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், அதே பலாமரத்தடியில், அதே சாய்வு நாற்காலியில், விரலை எண்ணெயில் வைத்துக்கொண்டு பத்திரிகை படித்தார் என் வீட்டுக்காரர். அவருக்கு ரோஷமில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் இல்லை.

வேலி இடுக்கு வழியாக அவள் வந்தாள். எங்கள் பக்கம் அப்படி வந்து மூன்று நாலு வருஷம் ஆகியிருக்கும். வெள்ளை கெபாயா. நேரே என்னிடம் வந்து உள்ளங்கையைத் திறந்தாள். அதே கத்தரிக்கோல்.

"அக்கா" என்றாள். "ஸ்காராங் போலே பொத்தோங்?"

இப்போது வெட்டலாமா. அவ்வளவுதான் கேட்டாள், நான் வேண்டாம் என்று சொன்னதை மறக்காத குரலில். அன்றைக்கு நான் அவள் கையை மூடிய மாதிரியே, கத்தரிக்கோலை என் கையில் வைத்து என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். இவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு விரலை நீட்டினார். வெட்டினேன். இந்தத் தடவை அவர் அழவில்லை. அதற்கப்புறம் சாகும் வரைக்கும் பத்து நகத்தையும் சதையோடு ஒட்ட வெட்டினார். அதற்கு எந்தப் பாடமும் எடுக்கவில்லை.

கத்தரிக்கோல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மறுநாளே திருப்பிக் கொடுத்திருக்கலாம், வேலியிலிருந்து அவள் வாசலுக்கு நாலு எட்டுத்தான். கொடுக்கப் போனால், அன்றைக்கு வேண்டாம் என்று சொன்னவள் நான்தான் என்பதையும், வெட்டினது கெட்டிக்காரத்தனத்தில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்னும் முப்பது வருஷம் அவள் அந்த வீட்டில் இருந்தாள். நான் போகவில்லை.